உஷார்! "வீடு காலி" என்று பறை தட்டாதீங்க

கொஞ்சம் நில்லுங்க.

அம்மாவின் பூட்டின வீட்டைப் படம் பிடித்து, "கிரானில் வீடு காலியாக இருக்கு, நல்ல குடும்பம் என்றால் குறைஞ்ச வாடகைக்குக் கொடுப்போம்" என்று முகநூலில் போடப்போறீங்களா? இதை வாசித்து முடிக்கும்வரை போடாதீங்க. ஏற்கெனவே போட்டாச்சா? அப்படியென்றால் இன்னும் கெதியாக வாசியுங்க.

நோக்கம் நல்லதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிரான் சந்தியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கைகளில் நடந்து பார்த்தால் எத்தனை பூட்டின கேட்! எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் வீடு மகளுக்குத்தான். சீதனமாக வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டிலில் ஒதுங்கிக்கொள்வார்கள். பிறகு மருமகன் சுவிசுக்குப் போவார், மகளையும் கூப்பிட்டுக்கொள்வார். கிழவனும் கிழவியும் இருக்கும்வரை வாசலில் விளக்கெரியும். அவர்கள் போய்ச் சேர்ந்தால் பூட்டு. 2007இல் குடும்பிமலைப் பக்கம் சண்டை நடந்தபோது இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பாடுபட்டுக் கட்டின வீடுகள்கூட இன்றைக்கு ஆளில்லாமல் கிடக்கின்றன.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பாடு வேறு. மழை பிடித்தால் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி தண்ணிக்குள் போய்விடும். தோணியில்தான் வரவேணும். பிள்ளையின் சோதனைக் காலத்திலாவது சந்தியடியில் ஒரு வீடு கிடைக்காதா என்று தாய்மார் தேடுகிறார்கள். இந்த வீட்டையும் அந்தக் குடும்பத்தையும் சேர்த்துவைக்கலாம் என்றுதான் இளம்பிள்ளைகள் முகநூல், வாட்ஸ்அப், டிக்டொக் என்று இறங்குகிறார்கள். சந்தோஷம். ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை.

நல்ல குடும்பம் பார்க்கிற அதே படத்தைக் கள்ளனும் பார்க்கிறான்.

ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம், ஒழுங்கையும் வேண்டாம். எனக்கு மகள் முறை. சுவிசில் வயசாளிகளைப் பராமரிக்கிற இடத்தில் வேலை. தாய் செத்து மூன்று வருஷமாக இங்கே வீடு பூட்டு. அவளுடைய மகன் கெட்டிக்காரன், பதினெட்டு வயசு. விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் வீட்டை ஒரு நிமிட வீடியோவாக எடுத்தான். கேட், விறாந்தை, சாமியறை, கிணறு, தண்ணி மோட்டர், பின்கதவின் கொண்டி, ஒன்றையும் விடவில்லை. கீழே எழுதினான்: "மூன்று வருஷமா ஆளில்லை. நாங்கள் வெளிநாட்டில். நம்பிக்கையான குடும்பம் தொடர்புகொள்ளவும்." ஆட்கள் நம்பவேணும் என்று காணி உறுதியின் முதல் பக்கத்தையும் படம் பிடித்துப் போட்டான்.

அந்த வரிகளைத் திரும்பவும் வாசித்துப் பாருங்க. மூன்று வருஷமா ஆளில்லை. நாங்கள் வெளிநாட்டில். கள்ளனுக்கு இதைவிட விளக்கமாக யார் கடிதம் எழுதுவார்?

வீடியோ பறந்தது. "அம்மம்மா வீட்டு ஞாபகம் வருது" என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் எழுதினார்கள். பையனுக்குப் பெருமை. பத்தாம் நாள் இன்னொரு பெயரில் இன்னொரு விளம்பரம் வந்தது. அதே வீடு. அதே கிணறு. வாடகை மட்டும் பாதி. "உரிமையாளர் சார்பில்" என்று ஒருவன். ஃபோனில் சீனிப் பேச்சு. வீட்டை உள்ளே பார்க்கவேணும் என்றவர்களுக்கு, "சாவி வைத்திருக்கிறவர் கொழும்புக்குப் போயிட்டார், இப்போதைக்குக் கேட்டுக்கு வெளியே நின்று பாருங்க" என்றானாம். நம்பாதவர்களுக்கு உறுதியின் படத்தை அனுப்பினான். அவனுக்கு ஏது உறுதி? நம்முடைய பையன் போட்டதுதான். மூன்று மாத முற்பணம் அனுப்பினால் சாவி என்றான்.

நான்கு குடும்பங்கள் அனுப்பியிருக்கின்றன.

அதில் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை விடிய லேண்ட்மாஸ்டரில் கட்டில், அலுமாரி, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு எல்லாம் ஏற்றிக்கொண்டு கேட்டடியில் வந்து நின்றது. மூன்று பிள்ளைகள். தாய் காதிலிருந்த தோட்டை அடகுவைத்து முற்பணம் கட்டினவள். சாவி கொண்டுவர வேண்டியவனின் ஃபோன் வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சுவிசுக்கு வீடியோ கோல் எடுத்துக் கொடுத்தாள். "என்ட வீட்ட நான் ஆருக்கும் குடுக்கல்லக்கா" என்று ஃபோனுக்குள் ஒருத்தி அழுகிறாள். "அப்ப இந்த உறுதி ஆருட?" என்று கேட்டடியில் ஒருத்தி அழுகிறாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரையும் ஏமாற்றினவன் எந்த ஊரில் இருந்து பேசினான் என்பதுகூட ஒருவருக்கும் தெரியாது.

மத்தியானம் லேண்ட்மாஸ்டர் வந்த வழியே திரும்பியது. ஏற்றி இறக்கக் கஷ்டம் என்று கோழிக்கூட்டை மட்டும் அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். இன்னும் அங்கேதான் இருக்கு.

அதோடு முடிந்ததா? அடுத்த கிழமை கிணற்று மோட்டர் போனது. பிறகு சுவரைக் கிழித்து வயரை உருவிக்கொண்டு போனார்கள். பின்கதவின் கொண்டி இற்றுப்போனது என்று வீடியோவிலேயே தெரிந்ததே!

அவளுக்குப் போனது மோட்டரும் வயரும். இன்னொருவருக்கு வீடே கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் கட்டாரில் வேலை. வளவைப் படம் போட்டு, "பார்த்துக்கொள்ள ஆள் தேவை" என்று எழுதினார். ஒருவன் வந்தான். "துப்பரவாக்கித் தாறன் அண்ணன்" என்றான். பூட்டை மாற்றினான். பாயைக் கொண்டுவந்து போட்டான், பிறகு பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிவந்தான். கேட்டால், "நான் கனகாலமா இங்கதான் இருக்கன், கரண்ட் பில் நான்தான் கட்டுறன்" என்று பில்லை நீட்டுகிறான். எழுத்தில் ஒன்றுமில்லை. உரிமையாளர் என்ன செய்தார்? லீவு கிடைக்கட்டும், நேரே வந்து பேசித் தீர்ப்போம் என்று பொறுத்திருந்தார். மூன்றரை மாதம்.

அந்த மூன்றரை மாதம்தான் அவரை விழுத்தியது. ஏனென்று சொல்கிறேன், காதைக் கொடுத்துக் கேளுங்க.

இரண்டு மாதம். ஒரு வருஷம். பத்து வருஷம். இந்த மூன்று கணக்கையும் சுவரில் எழுதி வையுங்க.

காணிச் சண்டையால் அமைதி குலையும் என்ற நிலை வந்தால் "66ஆம் பிரிவு வழக்கு" என்று நம் ஊரில் சொல்வார்களே, அது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் வருவது. அங்கே உறுதி யாருடையது என்பது பெரிய கேள்வி இல்லை. வழக்குப் போட்ட நாளில் உள்ளே இருந்தது யார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், திரும்ப உங்கள் கையில் ஒப்படைக்கலாம். இரண்டு மாதம் தாண்டிவிட்டதா? உள்ளே இருக்கிறவன் இப்போதைக்கு உள்ளேதான். நீங்கள் உறுதியைத் தூக்கிக்கொண்டு மாவட்ட நீதிமன்றப் படி ஏறவேண்டியதுதான். அந்தப் படியில் ஏறின எத்தனை பேருக்குத் தலை நரைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

உடைமையைப் பறித்தான் என்ற ஒன்றை மட்டும் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காட ஒரு வருஷம்தான் தவணை. அதற்குப் பிறகு, காணி உங்களுடையதுதான் என்று அடியிலிருந்து நிரூபிக்க வேணும்.

பத்து வருஷம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒருவரும் எண்ணுவதில்லை. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அது. உங்கள் உரிமையை ஏற்காமல், யாரும் தட்டிக்கேட்காமல், ஒருவன் பத்து வருஷம் தொடர்ந்து ஆண்டால் காணி தனக்கென்று கேட்கலாம். போரால் போகமுடியாமல் போனவர்களுக்கென்று 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது உண்மை. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராக எண்ணாமல் விட ஏற்பாடு செய்தார்கள். வழக்குப் போட இரண்டு வருஷம் கொடுத்தார்கள். அது போருக்கு. உங்களுக்கு லீவு கிடைக்காததற்கு அப்படி ஒரு சட்டம் வராது. "கடல் கடந்து இருந்தவருக்குப் பழைய சட்டத்தில் தயவு உண்டு" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். அதை நம்பிப் படுக்காதீங்க. அவன் நுழைந்தபோது நீங்கள் எங்கே இருந்தீங்க, எந்த வருஷம் வந்து போனீங்க என்று எல்லாம் இழுபடும். 30 வருஷம் கடந்தால் அந்தத் தயவும் கிடையாது.

இதெல்லாம் கிரான் ஆட்களின் வீண் பயம் என்று நினைக்கிறீங்களா?

லண்டன் பிள்ளைகளுக்குக் கம்டன் தெரிந்திருக்கும். அந்த நகரசபையிடம் காலி வீடுகளின் பட்டியல் இருந்தது. தகவலறியும் சட்டத்தின் கீழ் ஒருவர் அதைக் கேட்டார். சபை மறுத்தது. 2011இல் தீர்ப்பாயம் "கொடு" என்றது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு விழுந்தது. மறுபடி விசாரித்து, 2013 ஜனவரியில், கொடுக்கத் தேவையில்லை என்று முடிவானது. பட்டியல் வெளியே போனால் அத்துமீறிக் குடியேறுகிறவர்களுக்கும் கள்ளருக்கும் அது உதவும் என்பதுதான் பயம். லண்டனில் ஒரு நகரசபையே பூட்டிவைத்த தகவலை, நாம் கிணறு மோட்டர் சகிதம் வீடியோவாகப் போடுகிறோம்!

ஜப்பானில் 2023 கணக்கெடுப்புப்படி 90 இலட்சம் வீடு காலி. நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல். அங்கேயும் இணையத்தில்தான் ஆள் தேடுகிறார்கள், "அகியா வங்கி" என்று பெயர். ஆனால் அதை நடத்துவது பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகள். உரிமையாளர் போய்ப் பதிய வேணும், வீடு வேண்டுபவரும் சபைக்கூடாகத்தான் வர வேணும். நடுவில் ஒரு காவல் நிற்கிறது. இங்கே உங்கள் படத்துக்கும் அந்தக் கள்ளனுக்கும் நடுவில் யார் நிற்கிறார்? ஒருவருமில்லை. நம்முடைய பிரதேச சபை அப்படி ஒரு பதிவேட்டைத் தொடங்கினால் முதல் ஆளாய்ப் போய்க் கை தட்டுவேன். அதுவரை பயப்படத்தான் வேணும்.

இன்னொரு ஆபத்து. இதைச் சொன்னால் நிறையப் பேருக்கு முகம் வெளிறும்.

உங்கள் காணி உறுதிக்காணியா, பேர்மிட்டா?

கோறளைப்பற்று தெற்கில் பேர்மிட் காணி நிறைய. அது அரச காணி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், நிபந்தனையோடு உங்கள் கையில் தந்தது. எழுத்தில் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது, மாற்றினாலும் செல்லாது. நிபந்தனையை மீறினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், பேர்மிட்டையே இரத்துச் செய்யலாம். இப்போது யோசியுங்க. "ஆறு வருஷமா ஒருவரும் இல்லை, குத்தகைக்கு எடுக்கலாம்" என்று உங்கள் பெயரோடு உலகுக்கே எழுதிப்போட்டால், நீங்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி! கோபக்கார மச்சான் ஒருவன் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் காணிக் கிளார்க்கின் மேசையில் வைத்தால் போதும். முதலில் கிரானில் இருக்கிற பிரதேச செயலகத்துக்குப் போங்க, நிபந்தனையைக் கேளுங்க. பிறகு விளம்பரத்தை யோசிக்கலாம்.

டெங்கைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது. பூட்டின வீட்டின் தண்ணித் தொட்டியும், மூடாத கிணறும், பின்வளவில் கிடக்கிற சிரட்டையும் நுளம்புக்குச் சொந்த வீடு. 2007இல் வந்த நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி அதற்குப் பொறுப்பு நீங்கள்தான். ஜெனீவாவில் இருந்தாலும் நீங்கள்தான். சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயா உங்கள் வீடியோவைப் பார்த்தால் கிணற்றைத்தான் முதலில் பார்ப்பார்.

சரி, எதைக் கண்டால் நெஞ்சு பதற வேணும்?

யாரோ தெரியாத ஒருவர் வாடகையைப் பற்றிக் கேட்காமல், "எத்தனை வருஷமா பூட்டு? இப்ப ஆர் பார்க்கிறது? அடுத்து எப்ப வருவீங்க?" என்று கேட்கிறாரா? உஷார்.

"ஜி.எஸ்.சிடம் காட்டவேணும்" என்று உறுதியின் மற்றப் பக்கங்களையும் அடையாள அட்டையையும் வாட்ஸ்அப்பில் கேட்கிறாரா? அனுப்பாதீங்க. முழு உறுதியும் கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால், கள்ள அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுத மிச்சம் என்ன வேணும்?

கூலி கேட்காமல் புல் வெட்டித் தர ஒருவர் முன்வருகிறாரா? அந்த அன்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்க. நல்ல மனுஷராகவும் இருக்கலாம்தான். இருந்தாலும் கூலியைக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கி வையுங்க.

கேட்டில் நீங்கள் போடாத பூட்டு தொங்குகிறதா? வேலிக்கட்டை ஒரு முழம் நகர்ந்திருக்கிறதா? உங்கள் வீட்டு முகவரிக்கு உங்களுக்குத் தெரியாத பெயரில் கடிதம், பில் வருகிறதா? அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு. அன்றைக்கே! நாளைக்கு இல்லை, லீவுக்கு வரும்போதும் இல்லை. நீங்கள் வரமுடியாவிட்டால் இங்கே உள்ள உரித்தாளி ஒருவரைப் போகச் சொல்லுங்க.

வீடு தேடுகிற தாய்மாரே, உங்களுக்கும் சொல்கிறேன். பாதி வாடகையா? சந்தேகப்படுங்க. உள்ளே பார்க்க விடாமல் முற்பணம் கேட்கிறானா? காசு போடச் சொல்லித் தருகிற கணக்கின் பெயரும் உறுதியில் உள்ள பெயரும் வேறா? "இன்னும் மூன்று பேர் கேட்டிருக்காங்க, பின்னேரத்துக்குள்ள போடுங்க" என்று அவசரப்படுத்துகிறானா? ஒரு ரூபாகூடப் போடாதீங்க. கேட்டடியில் நின்று வீட்டைப் பார்த்துத் திரும்பாதீங்க, இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி "இது ஆருட வளவு?" என்று கேளுங்க. அந்த நான்கு குடும்பமும் அதை மட்டும் கேட்டிருந்தால் அந்தத் தோடு காதில் இருந்திருக்கும். இன்னொன்றும் கேளுங்க: மார்கழியில் வாசலில் தண்ணி எதுவரை வரும்? ஆவணியில் எடுத்த படத்தில் வெள்ளம் தெரியாது.

வீட்டைக் கொடுக்கவே வேண்டாம் என்றா சொல்கிறேன்? கொடுங்க! பூட்டி வைத்தால் கறையான் தின்னும், வௌவால் குடியிருக்கும். கொடுக்கிற விதத்தில் கொடுங்க. மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவுப் பிரதியை எடுத்துப் பாருங்க; உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது உறுதி ஏறியிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். கேவியற் என்று ஒன்று போட்டு வைக்கலாம். பிறகு யாராவது அந்தக் காணிக்கு உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஊரில் ஒருவருக்கு அற்றோணி கொடுப்பதென்றால், வாடகைக்கு விடவும் வரி கட்டவும் வழக்குப் போடவும் மட்டும் எழுதிக் கொடுங்க. விற்கவும் ஈடுவைக்கவும் அதிகாரம் கொடுக்காதீங்க. தம்பியாய் இருந்தாலும் கொடுக்காதீங்க. தம்பி நல்லவர்தான், தம்பியின் கடன்காரர் நல்லவரா?

"சும்மா இருந்து பாத்துக்கொள்" என்ற சொல்தான் எங்கள் ஊரில் அதிகம் வீடு பறித்த சொல். இரக்கப்பட்டு வாடகை வாங்காமல் விடலாம், எழுத்து வாங்காமல் விடக்கூடாது. நொத்தாரிசு முன்னால் குத்தகை எழுதுங்க. மாதம் நூறு ரூபா என்றாலும் எழுதுங்க. தவணை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து கெதியாக மீட்க 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. கையில் குத்தகைப் பத்திரம் இல்லாதவருக்கு அது உதவாது.

விளம்பரம் போட்டே ஆகவேணும் என்றால், ஊரின் பெயரோடு நிறுத்துங்க. ஒழுங்கை, கேட், பின்கதவு, கிணறு ஒன்றும் வேண்டாம். எத்தனை வருஷமாகப் பூட்டு என்று எழுதாதீங்க. வெளிநாட்டில் இருக்கிறோம் என்று எழுதாதீங்க. கேட்கிறவரை நேரில் போய்ப் பார்த்துப் பேச ஊரில் ஒருவர் இருந்த பிறகு போடுங்க.

மகள், மகன், எங்கே இருந்து இதை வாசித்தாலும் சரி, ஃபோன் இப்போது கையில்தானே இருக்கு? முதலில் உறுதியின் படத்தை அழியுங்க. பிறகு பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கோல் எடுத்து, பின்கதவில் தொங்குவது நம்முடைய பூட்டுத்தானா என்று போய்ப் பார்க்கச் சொல்லுங்க.